ஒரு பந்தும் ஓர் ஆசானும்

அரபு இலக்கணமும் ஹதீஸும் ஓதிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன், கடல் கடந்த நாடொன்றின் பந்தாட்டக்காரரைப் பற்றி எழுத முற்படுவது நேயர்களுள் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். “இவருக்கும் பந்துக்கும் என்ன உறவு?” என்று கேட்கவும் தோன்றலாம். அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டைக் குறிக்க அரபு மொழியில் இன்று வழங்கும் சொல் ‘ரியாளா’ என்பதாகும். அடங்காத குதிரையைப் பழக்கி வழிக்குக் கொண்டுவருதல் என்பது அதன் வேர்ப்பொருள். அதினின்றும் உடலைப் பழக்குதல் என்ற பொருளும், உள்ளத்தை அடக்கிப் பழக்குதல் என்ற பொருளும் கிளைத்தன. விளையாட்டுத் திடலில் ஓடுபவனின் முயற்சிக்கும், தனிமையில் அமர்ந்து தன் மனத்தோடு போராடுபவனின் முயற்சிக்கும் அம்மொழி ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறது. இச்சொல்லைப் பல்லாண்டுகள் மாணாக்கருக்கு விளக்கி வந்தவன் நான். ஆனால் அதன் இரு பொருளும் ஒன்றாகும் இடத்தை எனக்குக் காட்டியவர், அரபு இலக்கணத்தின் ஓரெழுத்தும் அறியாத ஒரு பிலிப்பைன்ஸ் நாட்டவர்.

1996இல் பிழைப்பு நாடி ஷார்ஜா சென்றேன். ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் அரபுக் கடிதங்கள் எழுதும் பணி கிடைத்தது. அங்கே பண்டகசாலைப் பொறுப்பாளராக இருந்தவர் என்னினும் பன்னிரண்டு வயது மூத்தவர். அவரை அனைவரும் ‘கூயா’ என்றே அழைத்தனர். அவர்கள் மொழியில் அது மூத்த சகோதரனைக் குறிக்கும் சொல். நம் கடற்கரையூர்களில் ‘காக்கா’ என்று அழைப்பது போன்றது. நான் ஆசிரியனாக இருந்தவன் என்று அறிந்த நாள்முதல் அவர் என்னை ‘முஅல்லிம்’ என்றே அழைத்தார். உடைந்த அரபும் உடைந்த ஆங்கிலமும் கலந்து நாங்கள் பேசிக்கொள்வோம்.

எங்கள் குடியிருப்பின் பின்புறம் வெற்றுமணல் திடல் ஒன்று இருந்தது. கூயாவும் அவர்தம் நாட்டவரும் அங்கே ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, உச்சியில் பலகை வைத்து, அதில் ஒரு வளையத்தைப் பொருத்தியிருந்தனர். வெள்ளிக்கிழமை மாலைகளில் வெயில் தணிந்ததும் கூடைப்பந்து தொடங்கிவிடும். ஐம்பது பாகை வெப்பத்தில் வாரம் முழுதும் உழைத்த உடல்கள் அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளாக மாறிவிடும். நான் ஒரு பெட்டியின்மீது அமர்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

1998 மே மாதத்தில் ஒருநாள் கூயா இனிப்புப் பொட்டலத்துடன் என் மேசைக்கு வந்தார். “எங்கள் ஜவோர்ஸ்கி செனட்டர் ஆகிவிட்டார்” என்றார். யார் அவர் என்று நான் கேட்டேன். அவர் முகத்தில் தோன்றிய வியப்பு இன்றும் என் கண்முன் நிற்கிறது. அன்று மாலை திடலோரம் என் பக்கத்தில் அமர்ந்து அவர் சொல்லத் தொடங்கிய கதை பல வெள்ளிக்கிழமைகள் நீடித்தது. பிற்காலத்தில் நானும் தேடிப் படித்து, அவர் கூறியவற்றோடு சேர்த்து அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட அந்நாடு, ஸ்பெயினின் ஆட்சியினின்றும் 1898இல் அமெரிக்கரின் கைக்கு மாறியது. அமெரிக்காவில் 1891இல் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் வகுத்த கூடைப்பந்தாட்டம், அமெரிக்க ஆசிரியர்கள் வழியாகவும் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் வழியாகவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தீவுகளை அடைந்தது. அந்த ஆட்டத்துக்குப் பரந்த புல்வெளி தேவையில்லை. தென்னைமரத்தில் ஒரு வளையத்தைக் கட்டினால் போதும், ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஆடலாம். அதனால் அது ஏழைகளின் தெருக்களிலும் எளிதில் புகுந்தது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் பிலிப்பைன்ஸ் அணி ஐந்தாம் இடம் பெற்றது. 1954இல் ரியோ டி ஜனேரோவில் நடந்த உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றது. உயரத்தில் குறைந்த ஒரு மக்கள், உயரமானவர்களுக்கு உரியதென்று கருதப்படும் ஓர் ஆட்டத்தைத் தம் உயிராக்கிக்கொண்டது ஒரு விந்தை.

இந்த மண்ணில், பாகியோ என்னும் மலைநகரில், 1946 மார்ச் 8ஆம் நாள் பிறந்தவர் ராபர்ட் ஜவோர்ஸ்கி. தந்தை போலந்து வழிவந்த அமெரிக்கர். தாய் இலோக்கானோ இனத்துப் பெண்மணி. அயல்நாட்டுப் பெயரோடு வளர்ந்த அச்சிறுவனைப் பின்னாளில் அந்நாடே தன் வீட்டுப் பிள்ளை என்று கொண்டாடியது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆடிய காலத்தில் அவருக்குப் பயிற்சியளித்தவர் விர்ஜிலியோ டலுபான். மக்கள் அவருக்கு ‘மாயெஸ்ட்ரோ’, அதாவது ஆசான், என்று பட்டம் சூட்டினர். இப்பெயரை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இக்கதையின் முடிச்சை அவிழ்ப்பவர் அவரே.

1967இல் சியோல் நகரில் நடந்த ஆசியக் கூடைப்பந்துப் போட்டியில் பிலிப்பைன்ஸ் வெற்றி வாகை சூடியது. ஜவோர்ஸ்கி அவ்வணியில் இருந்தார். அடுத்த ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். புகழ் ஏறிக்கொண்டிருந்தபோதே வீழ்ச்சியும் வந்தது. 1971இல் ஒரு போட்டியின்போது, தீர்ப்பில் சினங்கொண்டு அவரும் சக ஆட்டக்காரர் ஒருவரும் நடுவர்களைத் தாக்கினர். இருவருக்கும் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அத்தடை நீக்கப்பட்டு, 1973இல் மணிலாவில் நடந்த ஆசியப் போட்டியில் வென்ற அணியில் அவர் மீண்டும் இடம் பெற்றார்.

இதைக் கூறும்போது கூயா தம் தலைவரின் குற்றத்தை மறைக்கவில்லை. “தவறுதான், முஅல்லிம். அந்த முரட்டுத்தனம் அவரிடம் இருந்தது” என்றார். பழக்கப்படாத குதிரை என்று நான் எண்ணிக்கொண்டேன்.

1975இல் பிலிப்பைன்ஸ் கூடைப்பந்துச் சங்கம் தொடங்கப்பட்டது. ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் அதுவே. ஊரின் பெயரால் அன்றி நிறுவனங்களின் பெயரால் அங்கே அணிகள் அமைந்தன. டொயோட்டா அணியும் கிரிஸ்பா அணியும் பகைநாடுகளைப் போல் மோதின. டொயோட்டாவில் ஜவோர்ஸ்கி ஆடினார். கிரிஸ்பாவுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அவருடைய பழைய ஆசான் டலுபான். குடும்பங்களே இரண்டாகப் பிரிந்து நின்றன என்றார் கூயா. அவர் தந்தை கிரிஸ்பா, இவர் டொயோட்டா. ஆட்டமுள்ள இரவுகளில் தந்தையும் மகனும் ஒரே மேசையில் உண்பதில்லையாம். 1977இல் இரு அணியினருக்கும் மூண்ட கைகலப்பு, ஆட்டக்காரர் பலரை ஓர் இரவு முழுதும் போனிபாசியோ கோட்டையில் காவலில் வைக்கும் அளவுக்கு முற்றியது.

டொயோட்டா அணியின் மற்றொரு தூண் ரமோன் பெர்னாண்டஸ். 1953இல் பிறந்தவர், நெடிய உடலும் மென்மையான கைவண்ணமும் உடையவர். ஜவோர்ஸ்கி பந்தைக் கொண்டுசென்று பகிர்ந்தளிப்பவர். பெர்னாண்டஸ் அதைப் பெற்று வளையத்தில் சேர்ப்பவர். கூடைப்பந்தில் ஒருவர் அளித்த பந்தை மற்றொருவர் உடனே புள்ளியாக்கினால், அளித்தவர் கணக்கிலும் அது தனியே குறிக்கப்படும். ஜவோர்ஸ்கி அந்த லீகில் ஆடிய 958 ஆட்டங்களில் 5,825 முறை அவ்வாறு அளித்தார். அவர் ஆடி முடித்தபோது அவ்வகையில் அவரை மிஞ்சியவர் எவருமிலர். பெர்னாண்டஸோ 18,996 புள்ளிகள் சேர்த்தவர். கொடுத்தவரும் கொண்டவரும் ஒன்பதாண்டுகள் ஓரணியில் இருந்தனர். அக்காலத்தில் டொயோட்டா ஒன்பது பட்டங்களை வென்றது.

1984இன் தொடக்கத்தில் டொயோட்டா நிறுவனம் அணியைக் கலைத்தது. மற்றொரு நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. ஆட்டக்காரர்களும் அவ்விலையில் சேர்ந்தே கைமாற வேண்டியதாயிற்று. ஜவோர்ஸ்கியும் அவருடைய நெருங்கிய தோழர் பிரான்சிஸ் அர்னாயிஸும், தம்மைக் கேளாமல் தம்மைக் கைமாற்றுவதை ஏற்க மறுத்து வேறோர் அணியில் சேர்ந்தனர். பெர்னாண்டஸும் மற்றவர்களும் புதிய உரிமையாளரிடம் சென்றனர். அவ்வளவுதான். தோளோடு தோள் நின்ற இருவர் ஒருவரையொருவர் பாராமல் முகம் திருப்பிக்கொண்டனர். பேச்சு நின்றது.

கூயா இந்த இடத்துக்கு வந்தபோது என் நெஞ்சில் ஏதோ ஒன்று தைத்தது. “போதும், அடுத்த வாரம் சொல்லுங்கள்” என்று எழுந்துவிட்டேன். ஏனெனில் அது என் கதையாகவும் இருந்தது.

எனக்கு ஒரு தோழர் இருந்தார். ஏழாண்டுகள் ஒரே மதரஸாவில் ஓதினோம். அடுத்தடுத்த பாய்களில் படுத்தோம். ஒரே ஸஹனில் உண்டோம். 1989இல் இருவரும் ஒரே மேடையில் ஸனது பெற்றோம். பின்னர் இருவருக்கும் ஓரிடத்திலேயே ஆசிரியப் பணி கிடைத்தது. ஐந்தாண்டுகள் கழிந்ததும் அந்நிறுவனத்தின் நிர்வாகம் கைமாறியது. புதியவர்கள் சில நிபந்தனைகளை எழுதி ஆசிரியர்களிடம் கையொப்பம் கேட்டனர். அவை எனக்கு மானக்கேடாகத் தோன்றின, நான் வெளியேறினேன். என்னோடு அவரும் வருவார் என்று எண்ணினேன். அவர் கையொப்பமிட்டார்.

நாலு பேர் கூடியிருந்த இடத்தில் நான் அவரை ‘விலைபோனவர்’ என்றேன். அவரும் வாளாவிருக்கவில்லை. “தன் அகம்பாவத்துக்குத் தன்மானம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்” என்று என்னைப் பற்றிக் கூறியதாகச் செய்தி வந்தது. நோயுற்ற தாயும் மூன்று பெண்மக்களும் அந்த ஒரு சம்பளத்தையே நம்பியிருந்தனர் என்பதை நான் அறியாதவனல்லன். அறிந்தும் எண்ணிப் பார்க்காதவன். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்குமேல் வெறுத்து ஒதுக்குதல் ஆகாது என்ற ஹதீஸை ஆண்டுதோறும் ஓதிக்கொடுத்த இருவர், நான்கு ஆண்டுகளாக ஸலாம் கூறாமலிருந்தோம்.

எங்கள் இருவருக்கும் உஸ்தாதாக விளங்கிய ஹஸ்ரத் அவர்கள் அப்போது முதுமையால் தளர்ந்திருந்தார்கள். 1997இன் இறுதியில் அவர்களிடமிருந்து ஷார்ஜாவுக்கு ஒரு கடிதம் வந்தது. நடுங்கிய கையெழுத்து. நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் தோழருக்கு ஒரு கடிதம் எழுதுமாறு மட்டும் கேட்டிருந்தார்கள். காரணம் எதுவும் கூறவில்லை, கண்டிக்கவும் இல்லை. எழுதலாம் என்று நினைத்தேன். இரு முறை தாளை எடுத்தேன். ‘முதலில் அவர் எழுதட்டுமே’ என்று தாளை மடித்து வைத்தேன். அடுத்த மாதமே ஹஸ்ரத் அவர்கள் இறைவனடி சேர்ந்த செய்தி வந்தது. அக்கடிதம் என் பெட்டியின் அடியில் கிடந்தது.

ஒரு வாரம் விட்டு, மீண்டும் திடலோரம் அமர்ந்தோம். நானே கேட்டேன்: “பிறகு அவ்விருவரும் என்ன ஆயினர்?”

கூயா அவசரப்படவில்லை. முதலில் ஜவோர்ஸ்கியின் புதிய அணியைப் பற்றிச் சொன்னார். அது ஒரு மதுபான நிறுவனத்தின் அணி. நம் மார்க்கம் விலக்கிய பொருளின் பெயரைச் சட்டையில் தாங்கி அவர் ஆடினார் என்பதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அந்நிறுவனத்தோடு நமக்கு யாதொரு சம்பந்தமுமில்லை. அம்மனிதரின் உறுதியே நம் பேச்சு. 1985இல் ஓர் ஆட்டத்தின் நடுவே எதிரணியினர் ஒருவரின் முழங்கை தாக்கி அவர் உதடு பிளந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்று ஒன்பது தையல் போட்டனர். அவர் அணி பின்தங்கித் தோல்வியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அவ்வேளையில் கட்டுடன் அரங்கினுள் மீண்டும் நுழைந்தார் ஜவோர்ஸ்கி. கூட்டம் எழுந்து முழங்கியது. தளர்ந்திருந்த அணி விழித்தெழுந்து வென்றது. அன்றுமுதல் ‘ஒருபோதும் மாண்டோம் என்று கூறாதே’ என்பது அவ்வணியின் தாரகமந்திரம் ஆயிற்று. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இரு பொறுப்பையும் ஒருசேரச் சுமந்து, 1986இல் அவ்வணிக்கு முதற்பட்டத்தை ஈட்டித் தந்தார்.

“உதட்டில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர், ஒரு நண்பனிடம் திரும்பிப் போக ஐந்தாண்டு ஆயிற்று” என்றார் கூயா. இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1989 ஜூன் 4ஆம் நாள், பாசிக் நகரில் உள்ள அல்ட்ரா அரங்கில், அந்த லீகின் வரலாற்றிலேயே முதன்முறையாகச் சிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டி ஒரு காட்சிப் போட்டி நடத்தினர். மூத்தோர் ஒரு பக்கம். லீகில் சேர்ந்து மூன்றாண்டுக்கு மேற்படாத இளையோர் மறுபக்கம். மூத்தோர் அணியில் 43 வயது ஜவோர்ஸ்கியும் இருந்தார். 35 வயது பெர்னாண்டஸும் இருந்தார். அவ்வணிக்குப் பயிற்சியாளராக அமர்ந்தவர் ஆசான் டலுபான்.

ஆட்டம் முடிய நான்கு விநாடிகளே இருந்தன. இரு அணியும் 130 புள்ளிகளில் சமமாக நின்றன. பந்து மூத்தோர் கையில். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று ஒருவர் பந்தை உள்ளே எறிய வேண்டும். உள்ளே ஒருவர் அதைப் பெற்று வளையத்தில் சேர்க்க வேண்டும். எறிபவர் ஜவோர்ஸ்கி, பெறுபவர் பெர்னாண்டஸ் என்று டலுபான் வகுத்தார்.

இவ்விடத்தில் கூயா எழுந்து நின்று, கையில் இல்லாத பந்தை எறிந்து காட்டினார். தம் ஊரில், அண்டைவீட்டார் இருபது பேர் கூடியிருந்த ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் தாம் அமர்ந்து கண்ட காட்சி அது என்றார். பந்து ஜவோர்ஸ்கியின் கையினின்றும் புறப்பட்டு, ஐந்தாண்டுகளாகப் பேசாதிருந்த மனிதரின் கைகளைச் சேர்ந்தது. பெர்னாண்டஸ், இளையோர் அணியின் நெடியவரான பென்ஜி பராஸைக் கடந்து வளையத்தின் அடிவரை சென்று பந்தை இட்டார். 132க்கு 130. ஆட்டம் முடிந்தது. அரங்கம் அதிர்ந்தது. டலுபான் இருவரையும் திடலின் நடுவே கொண்டுவந்து கைகொடுக்கச் செய்தார். இருவரும் கைகோத்தனர். “அந்த இரவு என் தந்தையும் நானும் ஒரே மேசையில் உண்டோம், முஅல்லிம்” என்று முடித்தார் கூயா.

நான் நெடுநேரம் பேசவில்லை. என் சிந்தை அந்த இரு ஆட்டக்காரர்களை விட்டு, ஓரத்தில் நின்ற கிழ ஆசான்பால் சென்றது. அவர் அவ்விருவரையும் தனியே அழைத்து அமரவைத்து, யார் செய்தது சரி, யார் செய்தது பிழை என்று விசாரித்திருக்கலாம். விசாரித்திருந்தால் ஐந்தாண்டுக் கணக்கு முழுதும் வெளிவந்திருக்கும், பகையும் புதுப்பிக்கப்பட்டிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. நான்கு விநாடிகளில் முடிக்க வேண்டிய ஒரு வேலையை இருவர் கையிலும் கொடுத்தார். ஒருவர் எறியாமல் மற்றவர் பெற இயலாது. மற்றவர் பெறாவிடில் எறிந்தது வீண். அந்த வேலை முடிந்தபோது பகையின் பெரும்பகுதி தானே கழிந்திருந்தது. கைகொடுத்தல் அதற்குப் பின் வந்ததே.

அப்போதுதான் எங்கள் ஹஸ்ரத் அவர்களின் பழக்கம் ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. மதரஸாவில் இரு மாணாக்கர் சண்டையிட்டால் அவர்கள் பிரம்பை எடுப்பதில்லை, உபதேசமும் செய்வதில்லை. அன்று பகலுணவுக்கு அவ்விருவரையும் ஒரே ஸஹனில் அமரச் செய்வார்கள். நால்வர் உண்ணும் தட்டில் இருவரை மட்டும் எதிரெதிரே அமர்த்துவார்கள். முதலில் இருவரும் தத்தம் ஓரத்தை மட்டும் தின்பார்கள். சிறிது நேரத்தில் நடுவில் உள்ள குழம்புக்கு இருவர் கையும் சென்றாக வேண்டும். ஒருவன் சோற்றைத் தள்ளிக் கொடுப்பான்; மற்றவன் சிரிப்பான். நானும் என் தோழரும் ஒருமுறை அவ்வாறு உட்கார்ந்திருக்கிறோம். எதற்காகச் சண்டையிட்டோம் என்பது மறந்துவிட்டது. அந்த ஸஹன் மறக்கவில்லை. எத்தனையோ கிதாபுகளுக்கு உரை கூறிய நான், என் உஸ்தாதின் அந்தச் செயலுக்கு உரை அறியாமல் இருந்துவிட்டேன். அதை விளக்க மணிலாவிலிருந்து ஒரு பந்து வரவேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு விடுப்பில் ஊர் திரும்பினேன். மூன்றாம் நாள் தோழரின் ஊருக்குப் பேருந்து ஏறினேன். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு சென்றேன். அவர் மதரஸாவில் இருப்பதாக வீட்டார் கூறினர். நான் வெளியேறிய அதே வாசல். வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நடுவே அவர் அமர்ந்திருந்தார். தாடியில் நரை விழுந்திருந்தது. ஸலாம் கூறினேன். தலை நிமிர்ந்தார். சில கணங்கள் ஒன்றும் பேசவில்லை. பிறகு பதில் ஸலாம் கூறி, தம் பாயில் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

அடுக்கிச் சென்ற வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. ஒரு பிள்ளை வினைச்சொல் வாய்பாட்டில் தடுமாறிக்கொண்டிருந்தான். “அவனுக்கு அந்த இடத்தைக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள், காக்கா” என்றார் தோழர், என்னைப் பாராமலே. என்னினும் ஒரு வயது இளையவர் அவர். அவ்வாறே என்னை அழைத்து வந்தவர். ஐந்தாண்டுக்குப் பின் அச்சொல்லைக் கேட்டேன். பிள்ளையின் கிதாபை வாங்கி ஓதிக்கொடுக்கத் தொடங்கினேன். லுஹர் வரை இருவரும் சேர்ந்தே பாடம் நடத்தினோம். பிறகு அவர் வீட்டில் உண்டோம். அவர் தாயார் மறைந்து எட்டு மாதம் ஆகியிருந்தது; எனக்கு எவரும் அறிவிக்கவில்லை. அறிவிக்கும் நிலையில் நான் எவரையும் வைத்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். “நானும்தான் பேசினேன்” என்றார் அவர். மறுநாள் இருவரும் ஹஸ்ரத் அவர்களின் கப்ரடிக்குச் சென்றோம்.

டலுபானுக்குக் கிட்டிய பேறு எங்கள் உஸ்தாதுக்குக் கிட்டவில்லை. தம் மாணாக்கர் கைகோத்ததை அந்த ஆசான் கண்ணாரக் கண்டார். ஒரே ஒரு கடிதத்தை நான் எழுதியிருந்தால் எங்கள் ஹஸ்ரத் அவர்களும் கண்டிருப்பார்கள். என் வாழ்வில் ஈடுசெய்ய இயலாதவை சில உண்டு. அவற்றுள் இது முதலாவது.

ஜவோர்ஸ்கியின் கதையில் மிஞ்சியதையும் கூறிவிடுகிறேன். கைகொடுத்த மறுஆண்டு, 1990இல், பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் பிலிப்பைன்ஸ் முதன்முறையாகத் தொழில்முறை ஆட்டக்காரர்களை மட்டும் கொண்ட அணியை அனுப்பியது. பயிற்சியாளர் ஜவோர்ஸ்கி. அவர் தலைமையில் ஆடியவர்களுள் பெர்னாண்டஸும் ஒருவர். சீனாவிடம் மட்டும் பணிந்து வெள்ளிப் பதக்கம் பெற்றுத் திரும்பினர். முந்தைய ஆண்டு அந்த நான்கு விநாடிகள் இல்லையெனில் இருவரும் ஒரே விமானத்தில் ஏறியிருப்பார்களா என்பது ஐயமே.

ஜவோர்ஸ்கி 1997 வரை ஆடினார். அப்போது அவருக்கு வயது 51. தம் பிள்ளைகளின் வயதினரோடு ஓடியாடினார். 1998 முதல் 2004 வரை செனட்டராகப் பணியாற்றினார், மறுதேர்தலில் தோல்வியுற்றார். 2012இல் அவர் அணிந்த 7ஆம் எண்ணை அவ்வணி இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று முடிவு செய்து விழா எடுத்தது. தொழில்முறை லீகில் மட்டும் 15 பட்டங்கள் வென்ற ஆசான் டலுபான், 2016இல் காலமானார்.

கூயா தம் நாட்டுக்குத் திரும்பிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. நானும் ஊர் திரும்பி மீண்டும் ஓதிக்கொடுக்கும் பணியில் அமர்ந்தேன். இன்று எனக்கும் ஐம்பது கடந்துவிட்டது. ஜவோர்ஸ்கி ஓய்வு பெற்ற வயதையும் தாண்டிவிட்டேன். என்னிடம் ஓதும் பிள்ளைகளுள் இருவர் பேசாமல் முகம் திருப்பிக்கொண்டால், நான் வழக்கு விசாரிப்பதில்லை. பகலுணவு நேரத்தில் இருவரையும் ஒரே ஸஹனில் அமரச் செய்கிறேன். அன்று மட்டும் குழம்பை நடுவில் சற்று அதிகமாக ஊற்றும்படி சமையற்காரரிடம் சொல்லிவைப்பேன்.